பயப்படுங்கள், ஆனால் கையெழுத்து வைக்காதீர்கள்

'பயம் என்பது வெறும் மனப்பிரமை' என்று கோட் போட்டவர் பேசும் வீடியோக்கள் நமக்கு வேண்டாம். ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற பயத்துக்கு வருசமும் திகதியும் இருக்கு. 1958, 1977, 1983. பிறகு 2007 ஜூன் 7: விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்கள் 370க்கும் மேற்பட்டோரைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பியது. இதைக் கண்ட அப்பா அம்மாவிடம் போய் 'தைரியமா இருங்க' என்று சொல்ல நமக்கு ஒரு தகுதியும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கேட்டே ஆகணும். பஸ் வந்த காலத்துப் பயத்தை, பஸ் வராத இடத்திலும் ஏன் தூக்கிக்கொண்டு திரிகிறோம்?

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போகிறோம். நாம் தமிழில் சொல்ல, அவர் சிங்களத்தில் எழுதுகிறார். 'மெதன அத்சன் கரன்ன' என்று விரலால் காட்டுகிறார். என்ன எழுதியிருக்கு என்று தெரியாது. ஆனாலும் கையெழுத்து வைக்கிறோம். வெளியே வந்தால் கூட வந்தவர் சொல்வார்: 'நல்ல வேலை செஞ்சாய், நமக்கேன் வம்பு.' நாளைக்கு அந்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் நமக்கே எதிராக நின்றால், இந்த 'நமக்கேன் வம்பு' வந்து சாட்சி சொல்லுமா?

1962ஐ நினைத்துப் பாருங்கள். தனிச் சிங்களச் சட்டம் வந்து ஆறு வருசம். சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணவில்லை என்று கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞருக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவர் அரசாங்கத்துக்கு எதிராகவே வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், 1967இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 1969இல் பிரிவி கவுன்சில், அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டு, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அதற்குக் கடைசிவரை பதில் வரவில்லை. சட்டம் முழுக்க எதிராக இருந்த காலத்தில், மாதச் சம்பளத்தில் வாழ்ந்த ஒரு மனுசன் செய்த வேலை இது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 1988இல் வந்த 16ஆவது திருத்தம், கொழும்பிலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ள உரிமை தந்தது. மீறினால் முறையிட அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கு. சட்டம் நம் பக்கம். வாய்தான் நம் பக்கம் இல்லை.

'ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது, இதில் உரிமை வேறயா?' என்று கேட்பீர்கள். சரிதான். அந்த அக்காவிடம் நான் இதைக் கேட்கவில்லை. ஏஎல் முடித்த, கெம்பஸ் போன, சிங்களம் தண்ணியாகப் பேசுகிற நம்மிடம்தான் கேட்கிறேன். நாம் என்ன செய்கிறோம்? சிங்களத்தில் கதைத்து நம்ம அலுவலை மட்டும் முடித்துக்கொண்டு வருகிறோம். பின்னால் வரிசையில் நிற்பவருக்கு ஒன்றும் மாறுவதில்லை. இது கெட்டித்தனம் இல்லை, நாகரிகமான ஒதுங்கல்.

2007இல் பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்கள் தனியாக நின்று அதைத் தடுத்திருக்க முடியாது. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுவோடு போனதால். பயந்தவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்றால் தைரியம் தானாக வரும்.

ஆகவே பயப்படுங்கள், கை நடுங்கட்டும். குரலை உயர்த்தவும் வேண்டாம். 'ஐயா, இது எனக்கு விளங்கவில்லை. தமிழில் எழுதுங்கள், வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கிறேன்' என்று மரியாதையாகச் சொன்னால் போதும். முடியாது என்றால், யார் சொன்னார், எந்த நாள், எத்தனை மணி என்று குறித்துக்கொண்டு ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். அடுத்த முறை உங்கள் தோட்டத்து ஆச்சி பிரதேச செயலகத்துக்குப் போகும்போது கூடப் போங்கள். அவருக்காகச் சிங்களத்தில் கதைத்து முடிக்காமல், தமிழில் கேளுங்கள்.