அட்டைக்கு மார்க் போடும் கம்ப்யூட்டர்!
அரை மார்க்கில் லட்சக்கணக்கான டாலர்! காரணம் சொல்ல வேண்டாமா?

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் அட்டை. ஒரு பக்கம் பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரின் வண்ணப் படம். மறு பக்கம் அவரைப் பற்றிச் சில வரிகள். அவ்வளவுதான்.

இதன் விலை 1 கோடியே 26 லட்சம் டாலர்!

2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் இந்த அட்டை அந்த விலைக்குப் போயிற்று. படத்தில் இருப்பவர் மிக்கி மேன்டில். 1952-ல் டாப்ஸ் என்ற மிட்டாய்க் கம்பெனி, சவைக்கும் மிட்டாயுடன் சேர்த்துச் சில்லறைக் காசுக்கு விற்ற அட்டை இது. அந்த ஆண்டு விற்காமல் தேங்கிப்போன அட்டைகளை 1960-ல் அட்லாண்டிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டியதாக, அந்தக் கம்பெனியைச் சேர்ந்த சை பெர்கர் பின்னாளில் சொன்னார். மீன்களுக்குப் போன செல்வம் எவ்வளவோ!

இதே மேன்டில் அட்டையின் இன்னொரு பிரதி 2021 ஜனவரியில் 52 லட்சம் டாலருக்கு விற்றது. அதே படம், அதே ஆண்டு அச்சு. பின் ஏன் இந்த வித்தியாசம்? 52 லட்சத்துக்குப் போனது 9 மார்க் வாங்கிய அட்டை. மற்றது ஒன்பதரை மார்க் வாங்கியது. விற்ற காலம் வேறு, மார்க் போட்ட கம்பெனியும் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் அந்த அரை மார்க்கை அற்பம் என்று தள்ளிவிட முடியாது.

மார்க் போடுவது எப்படி?

அமெரிக்காவில் அட்டைகளுக்கு மார்க் போடுவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. கட்டணம் கட்டி அட்டையை அனுப்ப வேண்டும். நிபுணர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். நாலு மூலைகளும் கூர்மையாக இருக்கின்றனவா? ஓரம் பிசிறு தட்டியிருக்கிறதா? மேலே கீறல், கறை உண்டா? படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா? இவற்றைப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடி அனுப்புவார்கள்.

பார்ப்பது மனிதக் கண். காலையில் பார்க்கும் கண் வேறு. நூறு அட்டை பார்த்துக் களைத்த கண் வேறு. அதனால்தான் அங்கே ஒரு விசித்திரமான வழக்கம் இருக்கிறது. 9 மார்க் வாங்கியவர் பெட்டியை உடைத்து, அதே அட்டையைப் புதிது போல மறுபடியும் அனுப்புகிறார். சில வேளை 10 கிடைத்துவிடுகிறது! பரீட்சைத் தாளைத் திரும்பத் திரும்பக் கொடுத்து மார்க்கை ஏற்றிக்கொள்வது போன்ற காரியம் இது.

கத்தரித்த அட்டை

இதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. 1909-ம் ஆண்டிலிருந்து 1911 வரை அமெரிக்கச் சிகரெட் பெட்டிகளில் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளை வைத்துக் கொடுத்தார்கள். ஹோனஸ் வாக்னர் என்பவரின் அட்டை மட்டும் கொஞ்ச நாளில் நின்றுவிட்டது. தம் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பார்கள். பணம் தராததால் மறுத்தார் என்று சொல்வோரும் உண்டு. எப்படியோ, கிடைப்பது அரிதாகிவிட்டது.

அதில் மிக நல்ல நிலையில் இருந்த ஒரு பிரதியை 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். அந்த ஆண்டுதான் பி.எஸ்.ஏ. என்ற மார்க் போடும் கம்பெனி பிறந்தது. அது முதன்முதலில் மார்க் போட்டது இந்த அட்டைக்கே. 8 மார்க்! 2007-ல் விலை 28 லட்சம் டாலரை எட்டியது.

2013-ல் குட்டு உடைந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இந்த அட்டையைக் கையில் வைத்திருந்த ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, சிகாகோ நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அட்டையின் ஓரங்களைக் கத்தரித்து அழகாக்கியதையும் ஒப்புக்கொண்டார். ஓரம் வெட்டிய அட்டைக்கு மார்க்கே போடக்கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி!

வந்தது கம்ப்யூட்டர்

கொரோனா காலத்தில் வீட்டில் அடைபட்ட ஜனங்கள் பரணிலிருந்த பழைய அட்டைகளையெல்லாம் எடுத்தார்கள். பேஸ்பால் மட்டுமல்ல, பிள்ளைகளின் போகிமான் அட்டைகளும் வந்து குவிந்தன. முந்திய மூன்று மாதங்களில் வந்ததைவிட அதிக அட்டைகள் மூன்றே நாளில் வந்துவிட்டன என்று சொல்லி, 2021 மார்ச் மாதம் பி.எஸ்.ஏ. பெரும்பாலான அட்டைகளை வாங்குவதையே நிறுத்தி வைத்தது. அதே ஆண்டில் ஜெனமின்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியை பி.எஸ்.ஏ.யின் தாய்க் கம்பெனி விலைக்கு வாங்கியது. கம்ப்யூட்டரையே முதன்மையாக நம்பி மார்க் போடும் டி.ஏ.ஜி. போன்ற கம்பெனிகளும் வந்தன.

எந்திரம் என்ன செய்கிறது? அட்டையின் மேல் பல கோணங்களிலிருந்து வெளிச்சம் போட்டுப் படம் எடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறலும் நிழல் விழுந்து தெரிந்துவிடும். இடது ஓரம் இவ்வளவு, வலது ஓரம் இவ்வளவு என்று மயிரிழை பிசகாமல் அளக்கிறது. இன்னொரு வித்தையும் உண்டு. நம் கைரேகை போல ஒவ்வோர் அட்டைக்கும் தனி அடையாளம் இருக்கிறது. அதைப் பதிந்து வைத்துக்கொண்டால், பெட்டியை உடைத்து அதே அட்டையை மறுபடி அனுப்பும் பேர்வழியை எந்திரம் பிடித்துவிடும். இடையில் ஓரத்தைக் கத்தரித்திருந்தால் அதுவும் வெளியாகிவிடும்.

இது நல்ல காரியம். வரவேற்க வேண்டியதுதான். எந்திரத்துக்குக் களைப்பு இல்லை. அனுப்பியவர் பணக்கார வியாபாரியா, பத்து வயதுப் பையனா என்று அது பார்ப்பதில்லை.

ஆனால் அளப்பது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு. ஒரு மூலை மழுங்கியிருக்கிறது என்று எந்திரம் சொல்லலாம். அதற்கு அரை மார்க் குறைப்பதா, ஒரு மார்க் குறைப்பதா என்ற கணக்கை எழுதிக் கொடுத்தவன் மனிதன். மனிதர்கள் முன்பு போட்ட மார்க்குகளைக் காட்டி எந்திரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால், அவர்கள் செய்த பிழையையும் சேர்த்தே அது கற்றுக்கொள்ளும். கத்தரித்த வாக்னருக்கு 8 என்பதும் அந்தப் பாடத்தில் வந்தால் என்ன ஆகும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அட்டையின் மதிப்பு உயர உயர மார்க் போடும் கட்டணமும் உயர்வது இந்தத் தொழிலில் சாதாரணம். மார்க் ஏறினால் மதிப்பு ஏறும். மதிப்பு ஏறினால் கம்பெனிக்கு வரும்படி ஏறும். தராசு பிடிப்பவனுக்கே எடையில் பங்கு! இந்த நிலையில், "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்று கையை விரிப்பதை ஏற்க முடியாது.

கம்ப்யூட்டர் அளந்த அளவுகளையும், கீறல் எங்கே என்று காட்டும் படத்தையும், குறைத்த மார்க்குக்குக் காரணத்தையும் அட்டைக்கு உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். டி.ஏ.ஜி. இப்படிப்பட்ட அறிக்கையைக் கொடுக்கிறது. ஒருவர் செய்வதை மற்றவர்கள் செய்ய என்ன தடை? அளவு தவறு என்று தோன்றினால் முறையிட ஒரு மனிதர் இருக்க வேண்டும். அவர் தம் பெயரைப் போட்டுப் பதில் எழுத வேண்டும்.

அதுவரை, அட்டை அனுப்பும் குடும்பங்கள் ஒரு வேலை செய்யலாம். தபாலில் போடும் முன் நல்ல வெளிச்சத்தில் இரு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளலாம். நாலு ஓரத்தையும் அடிக்கோலால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் அடைபட்டுத் திரும்பி வந்த பிறகு, புதிதாக ஒரு மடிப்போ கீறலோ தெரிந்தால், கையில் சாட்சி இருக்கும்.