பொய்ச் சாட்சிகள்

எங்கள் ஊர் வாடகை நூல் நிலையத்தில் எந்த நாவலை எடுத்தாலும் அதன் கடைசிப் பக்கம் காலியாக இருந்ததில்லை. அச்சுக்காரர் வெள்ளையாக விட்டுவைத்த அந்த இடத்தில் யாராவது பென்ஸிலால் எதையாவது எழுதியிருப்பார்கள். ‘நல்ல கதை, இரண்டாம் முறையும் படித்தேன்’ என்று ஒரு கை. ‘முடிவில் ஏமாற்றிவிட்டார்’ என்று இன்னொரு கை. ‘சுத்த அறுவை’ என்று மூன்றாவது கை. புத்தகத்தில் கிறுக்கக்கூடாது என்று நிலையக்காரர் சுவரில் எழுதித்தான் வைத்திருந்தார். ஆனாலும் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நாங்கள் முதலில் திருப்பியது அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான். காரணம் ரொம்பச் சுலபம். எழுதியவருக்கு அதில் காலணா லாபம் கிடையாது. அதனால் நம்பினோம்.

அந்தப் பென்ஸில் எழுத்துக்கு உலகமளாவிய ஒரு வாரிசு பிறந்தது. 2003-ல் ஜோஷுவா ஷாக்டர் என்ற அமெரிக்க இளைஞர் ‘டெலிஷியஸ்’ என்றொரு இணையதளத்தை ஆரம்பித்தார். நீங்கள் இணையத்தில் படித்துப் பிடித்துப்போன பக்கத்தை அங்கே குறித்து வைக்கலாம். பக்கத்தில் ‘சமையல்’, ‘சரித்திரம்’, ‘மழைக்காலம்’ என்று உங்கள் மனத்துக்குத் தோன்றிய குறிச்சொல்லைப் போடலாம். அதே சொல்லை இன்னும் யார் யார் எந்தெந்தப் பக்கத்துக்குப் போட்டார்கள் என்று பார்க்கலாம். பண்டிதர் யாரும் மேலே உட்கார்ந்து வகைப்படுத்தவில்லை. சாமான்ய ஜனங்கள் தத்தம் வசதிக்காகப் போட்ட சொற்கள் சேர்ந்து, யாரும் திட்டமிடாத ஒரு மாபெரும் நூலகப் பட்டியலாக வளர்ந்தன. 2004-ல் தாமஸ் வாண்டர் வால் என்பவர் இதற்கு ‘ஃபோக்ஸானமி’ என்று பெயர் சூட்டினார். ஜனங்கள் வகுத்த வகைமை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி வாங்காத வாசகர்கள் கட்டிய நூலகம் அது. மனித குலத்தின் மேல் நம்பிக்கை வைக்க எனக்கு இப்படிப்பட்ட விஷயங்கள் போதும்.

அந்த நூலகத்துக்குள் வியாபாரி எப்படி நுழைந்தார்?

கூகுள் தேடுபொறி 1998-ல் பிறந்தபோது அதன் மூலாதாரமான எண்ணம் இதுதான்: ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டிக் காட்டுகின்றன, சுட்டுகிறவர்களுக்கு என்ன மரியாதை என்று கணக்கிட்டால் அந்தப் பக்கத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். அதாவது, ஒவ்வொரு சுட்டியும் ஒரு சாட்சி. சாட்சிக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்தால் கோர்ட்டு வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? குறிப்புத் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கக் காசு வேண்டாம். ஒரு நிமிஷம் போதும். ஒருவனே நூறு பெயரில் தொடங்கலாம். தொடங்கிக் கொடுக்க யந்திரமே உண்டு. பிறகென்ன? கடன் கொடுப்பவர், வழுக்கைக்குத் தைலம் விற்பவர், சூதாட்டக் கூடம் நடத்துபவர் எல்லோருமே ‘படித்துப் பிடித்துப்போன’ வாசகர்களாக வேஷம் போட்டுக்கொண்டு வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள்.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்வதாக எண்ண வேண்டாம். ஜெர்மனியில் காஸல் சர்வகலாசாலைக்காரர்கள் நடத்திய ‘பிப்ஸானமி’ என்ற தளம், ஆராய்ச்சியாளர்கள் கட்டுரைகளையும் பக்கங்களையும் குறித்து வைப்பதற்காக ஏற்பட்டது. 2008-ல் அந்தத் தளத்தின் கணக்கு விவரங்களை ஆராய்ச்சிப் போட்டி ஒன்றுக்காக வெளியிட்டார்கள். சுமார் 31,000 பேர். அதில் நிஜமான வாசகர்கள் ஏறக்குறைய 2,400 பேர்தாம். மீதி அத்தனை பேரும் ஸ்பேம் ஆசாமிகள். கல்யாணப் பந்தியில் பத்துக்கு ஒன்பது பேர் வீட்டாருக்கும் தெரியாதவர்கள், சாப்பாட்டுக்கும் வராதவர்கள், இலைக்கு இலை நோட்டீஸ் வைக்க வந்தவர்கள் என்றால் அதைக் கல்யாணம் என்றா சொல்வோம்?

இந்த இடத்தில் நான் ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நழுவிவிடலாம். ஆனால் கூண்டில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் என் நாவல் ஒன்று வெளிவந்த சமயம், டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்கிற ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். சுத்தமான சட்டை, பணிவான பேச்சு. “சார், உங்க நாவலை ஐந்நூறு தளத்துல ஏத்திடலாம். கூகுள்ல தேடினா நீங்கதான் முதல்ல வருவீங்க” என்றார்.

“ஐந்நூறு தளத்திலும் படிக்கிறவர்கள் இருக்கிறார்களா?” என்று கேட்டேன்.

“படிக்கிறதுக்கு இல்லை சார், ஏத்துறதுக்கு” என்றார்.

அந்தப் பதிலிலேயே எனக்கு விழிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுத்தாளனுடைய ஆசை பொல்லாதது. ஒரு சிறுகதைக்குக் கிடைக்கும் சன்மானத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து என் தங்கை மகன், வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தவன், வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு ஓடி வந்தான். “மாமா, உங்க நாவல் மூட்டு வலிக்கு நல்லதாமே!” அவன் காட்டிய பக்கத்தில் ‘மூட்டு வலி’ என்ற குறிச்சொல்லின் கீழ், ஒரு தைலத்துக்கும் ஒரு நாற்காலிக்கும் நடுவே, என் நாவல் நின்றது. ‘அற்புதமான புத்தகம், என் வாழ்க்கையையே மாற்றிவிட்டது’ என்று ஒரு பெண் பெயரில் சாட்சியம். அதே வாசகம், அதே எழுத்துப் பிழை, இன்னும் பல தளங்களில் வேறு வேறு பெயர்களில். அப்படி ஒரு பெண் இல்லை. அவள் என் நாவலைப் படிக்கவில்லை. அவள் வாழ்க்கை மாறவும் இல்லை. இல்லாத அந்தப் பெண்ணைப் படைத்தவன் யார்? கதாபாத்திரங்களைப் படைப்பது என் தொழில்தான். ஆனால் என் புத்தகத்தைப் புகழ்வதற்கென்று ஒரு கதாபாத்திரத்தைக் காசு கொடுத்துப் படைக்கச் சொன்னவன் எழுத்தாளன் அல்ல.

அந்த இளைஞரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னேன். முடியாதாம். நூற்றுக்கணக்கான பெயர்களில் தொடங்கிய கணக்குகளின் கடவுச்சொற்கள் அவரிடமே இல்லையாம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மாதச் சம்பளத்துக்காக நாள் முழுவதும் அதே வாசகத்தை ஒட்டிக்கொண்டிருந்தவர் அவர். சுவரொட்டி ஒட்டுகிறவனைப் பிடித்து அடிப்பதால் சுவர் சுத்தமாகாது. பசை வாளிக்குப் பணம் கொடுத்தவனைக் கேட்க வேண்டும். அந்தப் பட்டியலில் நானும் ஒருவன்.

“விளம்பரமே செய்யக்கூடாது என்கிறீரா? சரக்கை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார முடியுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஐயா, நான் விளம்பரத்துக்கு விரோதி அல்ல. இந்தக் கட்டுரையை வெளியிடும் பத்திரிகையே பல்பொடி விளம்பரத்தின் தயவிலும் நடக்கிறது. பல்பொடிக்காரர் இடத்துக்கு வாடகை கொடுத்து, தம் பெயரைப் போட்டு, ‘இது என் சரக்கு’ என்று கூவுகிறார். அது யோக்கியமான கூவல். அதே மனிதர் வாசகர் கடிதப் பகுதிக்குள் ஒரு குடும்பத் தலைவியாகப் புகுந்து, ‘இந்தப் பொடியால் என் பல் வெளுத்தது’ என்று எழுதினால் அதற்குப் பெயர் விளம்பரம் அல்ல, ஆள்மாறாட்டம்.

“இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? வேண்டாதவர்கள் பார்க்காமல் போகட்டுமே” என்பது இன்னொரு வாதம். நஷ்டக் கணக்கைச் சொல்கிறேன். 2005 ஜனவரியில் கூகுளும் மற்றத் தேடுபொறிக்காரர்களும் சேர்ந்து ‘நோஃபாலோ’ என்ற ஓர் அடையாளத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த அடையாளம் இட்ட சுட்டியைச் சாட்சியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பது அப்போதைய ஏற்பாடு. வலைப்பதிவுகளின் மறுமொழிப் பெட்டிக்காக வந்த இந்தப் பூட்டைக் குறிப்புத் தளங்கள் பலவும் மாட்டிக்கொண்டன. விளைவு என்ன? பொய்ச் சாட்சிகளை ஒழிக்கப் போய், மெய்ச் சாட்சிகளின் வாக்குமூலமும் செல்லாது என்று ஆகிவிட்டது. உண்மையாகவே ஒரு பக்கத்தைப் படித்து மகிழ்ந்து குறித்துவைத்த பள்ளிக்கூட ஆசிரியையின் சொல்லுக்கும், தைலக்காரரின் கூலியாள் சொல்லுக்கும் ஒரே மதிப்பு. பூஜ்யம்! இதைவிட வேடிக்கை, இந்தப் பூட்டு வந்து இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் ‘ஐந்நூறு தளம்’ விற்பனை நடப்பதுதான். பொய்ச் சாட்சியை விலைக்கு வாங்குகிறவனும் ஏமாறுகிறான்.

நஷ்டம் அதோடு நிற்கவில்லை. 2009-ல் மாச்சே செக்வோவ்ஸ்கி என்பவர் ‘பின்போர்டு’ என்ற தளத்தைத் தொடங்கியபோது, உள்ளே வரக் கட்டணம் வைத்தார். ஸ்பேம் கூட்டத்தை வாசலிலேயே நிறுத்த அவர் கண்ட வழி அது. வழி பலித்தது. ஆனால், சும்மா திறந்திருந்த சத்திரத்துக்குக் கதவும் காவலும் வந்துவிட்டன என்பதையும் நாம் பார்க்க வேண்டும். கட்டணம் கொடுக்க முடியாத வாசகன் வெளியே நிற்கிறான். டெலிஷியஸோ யாஹூ கைக்கும் பிறகு பல கைகளுக்கும் மாறிக் கடைசியில், 2017-ல், அதே பின்போர்டுக்காரரிடம் 35,000 டாலருக்கு வந்து சேர்ந்தது. புதிதாக எதையும் குறிக்க முடியாதபடி அதை நிறுத்தினார். அது நொடித்ததற்கு ஸ்பேம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். முதலாளிகளின் அலட்சியமும் உண்டு. ஆனால் ஊருணியில் தினமும் சாயத் தண்ணீரைக் கொட்டியவர்கள், ஊருணி தூர்ந்த பிறகு ‘எங்களால் அல்ல’ என்று கையை விரிக்க முடியாது.

தளங்கள் போனால் போகட்டும். புதிதாக வேறு வரும். போகக்கூடாதது ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் ‘இது நன்றாக இருக்கிறது, படி’ என்று சொன்னால், அதை நம்பி எடுத்துப் படிக்கும் மனம். அந்த மனம் இல்லாவிட்டால் என் போன்றவர்களுக்குப் பிழைப்பே கிடையாது. எந்த எழுத்தாளனும் விளம்பரத்தால் வாழ்ந்ததில்லை. ஒரு வாசகர் இன்னொரு வாசகரிடம் சொன்ன சொல்லால்தான் வாழ்ந்திருக்கிறான். அந்தச் சொல்லில் நாமே கள்ளநாணயத்தைக் கலக்கலாமா?

என் சக எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. சுத்தமான சட்டையோடு ஓர் இளைஞர் உங்களிடமும் வருவார். அவருக்குக் காப்பி கொடுங்கள். முடிந்தால் உங்கள் புத்தகம் ஒன்றையும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பணம் மட்டும் கொடுக்காதீர்கள். அவர் படித்துவிட்டு ‘சுத்த அறுவை’ என்று கடைசிப் பக்கத்தில் பென்ஸிலால் எழுதினாலும் பாதகமில்லை. என் நாவலுக்கு அப்படி எழுதியவர்கள் உண்டு. மூட்டு வலி வரிசையில் நிற்பதைவிட எனக்கு அது எவ்வளவோ கௌரவம்.