தொட்டியைக் கழுவுவது மீனின் வேலை அல்ல

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் வாடிக்கையாகக் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. கப்பி, மோலி, டெட்ரா என்று பிள்ளைகள் கைகாட்டிய மீன்களையெல்லாம் வாங்கி முடித்த பிறகு, "தொட்டியைச் சுத்தம் பண்ண ஒரு மீன் போட்டுக் குடுங்கண்ணே" என்பார் அப்பா. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு அங்குல சக்கர் மீன் ஒன்றைக் கடைக்காரர் வலையால் வழித்தெடுத்துப் பையில் விடுவார். "இது எல்லாத்தையும் தின்னுடும் சார், தண்ணி மாத்துற வேலையே இருக்காது" என்ற உறுதிமொழியும் சேர்ந்து வரும்.

அந்த உறுதிமொழி பொய். சொல்பவர் அறிந்தே சொல்கிறார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் சக்கர் போன்ற கெளுத்தி இன மீன்கள் தொட்டியின் அழுக்கைத் தின்று வாழும் என்ற இந்த நம்பிக்கை, நம் வீடுகளில் மீன்களைக் கொல்கிறது. வீட்டுக்கு வெளியே ஏரிகளையும் கெடுக்கிறது. இதை இனியும் தெரியாத்தனம் என்று விட்டுவிட முடியாது.

தொட்டியில் அழுக்கு என்பது எது? நம் கண்ணுக்குப் படுவது தரையில் கிடக்கும் கசடும் கண்ணாடியில் படியும் பாசியும். மீனைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா. மீன் தன் உடலில் சேரும் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே தண்ணீரில் விடுகிறது. மிஞ்சிய தீனியும் மலமும் அழுகும்போது இன்னும் கொஞ்சம் சேர்கிறது. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுபவை ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் தரைக் கற்களிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். புதுத் தொட்டியில் அவை போதிய அளவு பெருகவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடைசியில் தேங்கும் நைட்ரேட்டை வெளியேற்ற, தண்ணீர் மாற்றுவதுதான் நம் கையில் இருக்கும் நிச்சயமான வழி. இந்தச் சங்கிலியில் கெளுத்தியின் பங்கு ஒன்றே ஒன்றுதான்: அதுவும் தின்கிறது, அதுவும் கழிக்கிறது. வீட்டில் இன்னொரு ஆள் வந்து சேர்ந்தால் குப்பை கூடுமா, குறையுமா?

சக்கர் மீனின் கணக்கு இன்னும் மோசம். டெரிகோப்லிக்திஸ் பேரினத்தைச் சேர்ந்த இந்தத் தென் அமெரிக்க மீன் ஓரடியைத் தாண்டி வளரும். இடம் கிடைத்தால் ஒன்றரை அடியைத் தொடும். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் இரண்டடித் தொட்டி கொள்வதோ ஐம்பது லிட்டர் சொச்சம். குட்டியாக இருக்கும்போது பாசி மேயும். வளர வளர மற்ற மீன்களின் தீனிக்குப் பழகிவிடும். நாடா நாடாவாக அது கழித்துத் தள்ளும் மலத்தைப் பார்த்தவர் யாரும் அதைத் துப்புரவுக்காரன் என்று சொல்லத் துணியமாட்டார். பசி கூடினால் இரவில் கோல்ட்ஃபிஷ் போன்ற அகன்ற உடல் மீன்களின் மேல் ஒட்டி, தோலின் மேல் இருக்கும் வழவழப்புப் படலத்தைச் சுரண்டும். காலையில் பக்கவாட்டில் புண்ணோடு நிற்கும் மீனைப் பார்த்து ஏதோ நோய் என்று மருந்து வாங்க ஓடுகிறோம்.

பிறகு ஒருநாள், இவ்வளவு பெரிய மீனை என்ன செய்வது என்ற கேள்வி வரும். கொல்ல மனம் வராது. பக்கத்து ஏரியில் விட்டுவிட்டுப் புண்ணியம் என்று நினைத்துக்கொள்வோம். அங்கேதான் பெரிய பாவம் தொடங்குகிறது. எலும்புத் தகடு போர்த்திய உடல், வலையைக் கிழிக்கும் முட்கள், கரையில் குழி தோண்டி முட்டையிடும் பழக்கம், காற்று குறைந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும் வயிறு. இத்தனையும் கொண்ட மீன் இன்று தமிழகம், கேரளம், ஆந்திரம், கிழக்குக் கொல்கத்தாவின் சதுப்பு நிலங்கள் என்று பரவிக் கிடக்கிறது. ஆந்திரத்து மீனவர்கள் இதை 'டெவில் ஃபிஷ்' என்கிறார்கள். மெக்சிகோவின் இன்ஃபியர்னியோ நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடித்துப் பிழைத்தவர்களின் வலைகளில், விலைபோகாத இந்த மீன்களே வந்து நிறைந்தன. இவை நீர்நிலைகளுக்கு வந்த முக்கிய வழி வண்ணமீன் வணிகம்தான். ஐம்பது ரூபாய் சோம்பேறித்தனத்துக்கு ஏரியும் அதை நம்பிப் பிழைப்பவர்களும் விலை கொடுக்கிறார்கள்.

"சரி, சக்கர் வேண்டாம். பாசி தின்னும் சின்னக் கெளுத்திகள் இருக்கின்றனவே?" என்று கேட்கலாம். இருக்கின்றன. ஓட்டோசிங்க்ளஸ் ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்குள் நிற்கும். பிரிஸ்டில்நோஸ் ஐந்து அங்குலத்தோடு நின்றுவிடும். இரண்டும் மெய்யாகவே பாசி மேய்பவை. ஆனால் பாசி, வெளிச்சமும் சத்தும் மிகுந்த தொட்டியின் அறிகுறி. பாசியை மேய்ந்தாலும் அம்மோனியா இருந்த இடத்திலேயே இருக்கும். கொடுமை என்னவென்றால், ஓட்டோவைப் பெரும்பாலும் புதிதாக வைத்த தொட்டிக்குத்தான் வாங்குகிறார்கள். அங்கே அது மேய்வதற்கு மெல்லிய படலம்கூட உருவாகியிருக்காது. ஆற்றிலிருந்து பிடித்து, கண்டம் தாண்டி, பல கை மாறி வரும்போதே அரைப்பட்டினி. பளிச்சென்று துடைத்த கண்ணாடித் தொட்டியில் அது முழுப்பட்டினியாகிறது. வயிறு உள்ளொடுங்கிச் சில நாளில் செத்துக் கிடக்கும். "இந்த மீன் தாங்காது" என்று பெயர் வைத்துவிட்டு அடுத்ததை வாங்குகிறோம்.

இந்த நம்பிக்கையால் அதிகம் வதைபடுவது கோரிடோராஸ்தான். கடைகளில் கோரி என்பார்கள். பல வகைகள் இரண்டு, இரண்டரை அங்குலத்தைத் தாண்டாதவை; சாதுவானவை; பல மீன்கள் சேர்ந்து வாழும் வீட்டுத் தொட்டிக்கு இவற்றைவிடப் பொருத்தமான கெளுத்தி அரிது. ஆனால் அழுக்கில் வாழும் மீன் என்ற பட்டம் இதன் தலையில் ஏறிவிட்டது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. கோரி திடீரென்று மேலே பாய்ந்து, நீர்ப்பரப்பில் வாய்வைத்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கும். விழுங்கிய காற்றிலிருந்து பின்குடலின் சுவர் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். வறண்ட காலத்தில் குட்டையாகிப்போகும் ஓடைகளில் உயிர்பிழைக்க இயற்கை கொடுத்த வழி அது. அதனால் மற்ற மீன்கள் மூச்சுத் திணறும் தண்ணீரிலும் கோரி சில நாள் கூடுதலாகத் தாங்குகிறது. தாங்கும் திறனை விருப்பம் என்று நாம் படித்துக்கொண்டோம். எப்போதாவது ஒருமுறை மேலே போய்வருவது இயல்பு. நிமிடத்துக்கு நிமிடம் மேலே பாய்ந்தால், தண்ணீர் கெட்டுவிட்டது என்று அது நம்மிடம் சொல்கிறது. விளையாடுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டி மகிழ்கிறோம்.

நல்ல மணல் விரித்த தொட்டியில் கோரி மேய்வதை முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். வாயோரத்து மீசைகளால் மணலைத் தடவிக்கொண்டே போகும். ருசி அறியும் அரும்புகள் அந்த மீசையிலேயே இருக்கின்றன. ஓரிடத்தில் நின்று, மூக்கு முழுக்க மணலில் புதையும்படி குத்தி, ஒரு வாய் அள்ளும். தீனி உள்ளே தங்க, மணல் மட்டும் செவுள் வழியாக இரு பக்கமும் மெல்லிய தூவலாக உதிரும். அதன் பிழைப்பே இதுதான். நாமோ சிவப்பும் நீலமுமாகச் சாயம் ஏற்றிய கூர்க்கற்களைக் கொட்டி, அதன் இடுக்கில் கசடு அழுக விட்டு, அந்த மீனை இறக்குகிறோம். மாதங்கள் போகப் போக மீசை தேய்ந்து, சில மீன்களில் அடியோடு இல்லாமலும் போகிறது. மீசை போன கோரிக்குத் தீனி தேடும் வழியே அடைபட்டுவிடும். போதாக்குறைக்கு, "மிச்சத்தைத் தின்னுக்கும்" என்று அதற்கென்று தீனியும் போடுவதில்லை. மேலே போடும் செதில் தீனியை டெட்ராவும் கப்பியும் அடிமட்டம் வரை வரவிடுவதே இல்லை. கோரியைப் பட்டினி போட்டுத்தான் அதனிடம் வேலை வாங்குகிறோம்.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? முதல் கேள்வி, முழுதாக வளர்ந்தால் எவ்வளவு பெரிசு என்பது. 'ஷார்க்' என்று விற்கும் வெள்ளி நிறக் குட்டியும் ஒரு கெளுத்திதான். ஒரு மீட்டரைத் தாண்டும். பாசா என்ற பெயரில் உணவகத் தட்டுக்கு வரும் மீனும் அதுவே. அதற்கு எந்த வீட்டுத் தொட்டியும் போதாது.

இரண்டாவது, எத்தனை மீன் சேர்ந்து வாழும் என்பது. கோரி கூட்டமாக வாழ்வது. ஒரே வகையில் ஆறு மீனாவது வேண்டும். வகைக்கு ஒன்றாக வாங்கிச் சேர்ப்பது அதற்குத் தனிமைச் சிறை. ஆறுக்கு இடமில்லாத தொட்டி என்றால் ஓரங்குலம் மட்டுமே வளரும் பிக்மி கோரியைப் பாருங்கள். பெரிய ஏஞ்சல் மீன்களோடு மட்டும் விடாதீர்கள், வாயில் கொள்ளுமளவு எதையும் அவை விழுங்கும்.

மூன்றாவது, நம் ஊர் வெயில். இதை யாருமே கேட்பதில்லை. பெப்பர்டு கோரியை டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரிக்க, 1842-இல் ஜெனின்ஸ் என்ற இயற்கையியலாளர் அதற்குப் பெயர் சூட்டினார். லா பிளாட்டா ஆற்று வடிநிலத்து மீன் அது, குளிர்காலம் கண்டது. 23 டிகிரிக்குக் கீழே இருக்கும் தண்ணீர்தான் அதற்குச் சுகம். பாண்டா கோரியும் குளிர்ச்சி விரும்புவதே. சித்திரை வெயிலில் சென்னைத் தொட்டியின் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே இவற்றை இறக்குவது வேகவைப்பதற்குச் சமம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வைப்பவர் தாராளமாக வாங்கலாம். சமவெளிக்காரர்கள் ஸ்டெர்பாய் கோரியைத் தேடட்டும். 28 டிகிரி வரை நிம்மதியாக வாழ்வதால்தான் வெந்நீர் கேட்கும் டிஸ்கஸ் மீன்களோடு அதை வளர்க்கிறார்கள். எளிதில் கிடைக்கும் பிரான்ஸ் (bronze) கோரியும் அல்பினோ கோரியும் அடுத்த தேர்வு. கோடையில் தொட்டி மூடியைத் திறந்துவைத்து ஒரு சின்ன ஃபேன் போட்டால் சில டிகிரி இறங்கும்.

இவற்றோடு நன்கு கழுவிய மென்மணல், விளக்கணைத்த பின் போட ஒன்றிரண்டு மூழ்கும் வில்லைத் தீனி, வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றம். ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசினால் பாக்டீரியாக்கள் பிழைத்திருக்கும். வாரத்துக்கு அரைமணி நேர வேலை.

"என் வீட்டுச் சக்கர் ஐந்து வருஷமாக நன்றாகத்தானே இருக்கிறது?" என்பவர்களுக்கும் பதில் உண்டு. பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீன் அது. திரும்பக்கூட இடமில்லாத பெட்டியில் ஐந்து வருடம் சாகாமல் இருந்ததை நல்வாழ்வு என்று சொல்லக்கூடாது.

கடைக்காரர்களிடம் கேட்பது சிறியது. ஒவ்வொரு தொட்டியின் மேலும் விலையோடு, அந்த மீன் எவ்வளவு வளரும், எத்தனையாக வாழும் என்று இரண்டு எண்களை எழுதி ஒட்டுங்கள். பெருத்துப்போன சக்கரைத் திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மீன் ஏரிக்குப் போவதை அது தடுக்கும். வாங்குபவர்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. "சுத்தம் பண்ண ஒரு மீன்" என்று கேட்பதை நிறுத்துங்கள். அந்தக் கேள்வி நின்றுபோனால் அதற்கு ஒப்பிக்கும் பதிலும் நின்றுபோகும். கெளுத்தியின் அழகுக்காக, அதன் மேய்ச்சலுக்காக, அதன் கூட்டத்துக்காக வளர்க்க ஆசைப்படுபவர் வளர்க்கட்டும். வாளியும் டியூபும் எடுக்க மனமில்லாதவர் மீனே வளர்க்க வேண்டாம்.