அடுப்புக்கு முன்னே ஆசாரி

எங்கள் விறகுக்கடையில் கட்டை மேல் கோடாலி விழுவதற்கு முன்னால் அப்பாவின் கை விழும். லாரியிலிருந்து இறக்கிப் போட்ட கட்டைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வருவார். வெட்டுவாயில் எச்சில் தொட்டுத் தேய்ப்பார். ரேகை தெளிந்து வரும். கோடாலியின் பின்புறத்தால் ஒரு தட்டு தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். வைரம் பாய்ந்த கட்டை என்றால் ஒரு சத்தம், உளுத்ததென்றால் ஒரு சத்தம். "இது அடுப்புக்கு வேண்டாம், அங்கிட்டு உருட்டு" என்பார். அந்த 'அங்கிட்டு' என்பது கடையின் மேற்குச் சுவரோரம். விறகாகாமல் தப்பித்த மரங்களின் இடம் அது.

அம்பாசமுத்திரத்தில் ஆற்றுக்குப் போகிற தெருவில் இருந்தது கடை. 1970-களில் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சனி ஞாயிறுகளில் முழு நாளும், கல்லாவில் உட்கார்ந்து கணக்கு எழுதுவேன். விறகு வாங்க வருகிறவர்கள் கிழக்கே தராசுப் பக்கம் போவார்கள். மேற்குச் சுவருக்கு வருகிற ஆட்கள் வேறு. கலப்பை செய்கிற ஆசாரி நாட்டுக் கருவேலங்கட்டையைத் தேடுவார். வண்டிப்பட்டறைக்காரர் சக்கரத்தின் குடத்துக்கும் ஆரக்காலுக்கும் அதே கருவேலைத்தான் கேட்பார். அவர்கள் இருவருக்கும் அப்பா பஞ்சாயத்து பண்ண வேண்டியிருக்கும். செக்கு வைத்திருந்தவர் வாகை வந்தால் சொல்லி அனுப்பச் சொல்வார். கறிக்கடை பாய்க்குப் புளிய மரத்தின் அடிக்கட்டை. கத்தி எத்தனை முறை இறங்கினாலும் புளியங்கட்டை துகளாகிக் கறியில் ஒட்டாது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். கதவு போடுகிறவர்களுக்கு வேம்பு, கரையான் அண்டாது. பூவரசு வந்தால் இரண்டு நாள் தங்காது.

கடைசியாக, சைக்கிளில் ஒரு சாக்குப் பையோடு கடைசல் பட்டறைக்காரர் வருவார். எங்கள் ஊர் சொப்புச் சாமானுக்குப் பெயர் போனது. சின்னச் சின்ன அடுப்பு, பானை, அம்மி, உரல், எல்லாம் மரத்தில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றியவை. அதற்கு மஞ்சக்கடம்புதான் உகந்தது என்பார்கள். மற்றவர்கள் அடிமரத்துக்குச் சண்டை போடுகையில் அவர் கிளைகளை மட்டும் பொறுக்கிக்கொள்வார். முழங்கை நீளக் கட்டை போதும் அவருக்கு. நான் விளையாடிய மர அடுப்பு, மேற்குச் சுவரோரம் கிடந்த ஒரு கிளையிலிருந்து வந்தது. அடுப்புக்குப் போகாமல் தப்பித்த கிளை எனக்கு அடுப்பாக வந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

இவர்கள் எல்லாரும் எடுத்தது போக மிச்சம்தான் விறகு. அதையும் அப்பா உடனே விற்க மாட்டார். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் சக்தியில் ஒரு பங்கு செலவாகிவிடும். சோறு வேகாது, புகைதான் வரும். எனவே ஆப்பு வைத்துப் பிளந்து, குறுக்கும் நெடுக்குமாக அட்டி போட்டு, ஒரு கோடை முழுக்கக் காயவிடுவார். "ஈர விறகை நிறுத்துக் கொடுத்தா தண்ணியத்தான் காசுக்கு விக்கேன்னு அர்த்தம்" என்பார். கிலோ வந்து பல வருடம் ஆன பிறகும் அவர் வாயில் மணங்குக் கணக்குதான்.

ராத்திரியில் கதவு தட்டப்பட்டால் எங்களுக்குத் தெரியும், எங்கோ சாவு. ஓர் உடல் வேக முந்நூறு கிலோவுக்குக் குறையாமல் விறகு வேண்டும். அந்த விறகுக்கு அப்பா விலை பேசியதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டால் கேட்கவும் மாட்டார். நல்ல காய்ந்த கட்டையை மட்டும் தனியே அட்டி போட்டு வைத்திருந்தது அதற்காகத்தான்.

இதையெல்லாம் சொல்வது விறகடுப்புக் காலத்துக்குத் திரும்பச் சொல்லி அல்ல. விறகுக்கடைக்காரர் வீட்டில்கூட அடுப்படி அடுப்படிதான். ஊதுகுழலை ஊதி ஊதி அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் நெஞ்சு இளைத்துப்போனது. அவர் இருமல் சத்தத்தைக் கேட்டுத்தான் காலையில் எழுந்திருப்போம். காய்ந்த விறகுக்கே இந்தப் பாடு என்றால், ஈர மிலாறையும் செத்தையையும் பொறுக்கி எரித்த வீடுகளின் பெண்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட இந்திய வீடுகளில் 49 சதவீதம் விறகில்தான் சமைத்தன. தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலான வீடுகளில் எரிவாயு வந்துவிட்டது. அது நல்லது. எங்கள் வீட்டில் முதல் சிலிண்டர் வந்த அன்று அம்மா அடுப்பைத் திருகித் திருகி அணைத்துப் பார்த்தது எனக்கு மறக்காது. சிலிண்டர் விலை ஏறும்போது மறுபடி சுள்ளி பொறுக்கப் போகும் பெண்களை நான் பார்க்கிறேன். அவர்களுக்காகப் பேச வேண்டியது தனிக் கட்டுரை.

நான் இங்கே கேட்பது வேறு. வீட்டு அடுப்பிலிருந்து விறகு போய்விட்டது. அப்படியிருந்தும் நல்ல மரங்கள் ஏன் இன்னும் விறகாகின்றன?

சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு சாலையை அகலப்படுத்தினார்கள். அப்பா காலமாகி, தம்பி கடையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஏலம் எடுத்தவரின் டிராக்டர் வந்து நின்றது. மேலே இருந்தது மருத மரம். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு மருதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வழுவழுவென்ற வெளிறிய பட்டை, சாலைக்கு மேல் இரு பக்கமும் கை கோத்துக்கொண்டு நிற்கும் நிழல். தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் இற்றுப்போகாத கட்டை. அது இரண்டடி இரண்டடித் துண்டாக அறுபட்டுக் கிடந்தது. ஒரு துண்டின் வெட்டுவாயை எச்சில் தொட்டுத் தேய்த்தேன். வளையங்களை எண்ணத் தொடங்கி எழுபதுக்கு மேல் எண்ண முடியவில்லை, கண் மங்கிவிட்டது.

"ஏன்டா, ஒரு எட்டடி நீளமாவது விட்டிருக்கக் கூடாதா?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"அவன் என்னக்கா செய்வான்? ரெண்டு நாள்ல ரோட்டக் காலி பண்ணணும். நீளமா அறுத்தா தூக்கக் கிரேன் வேணும். துண்டு போட்டா ரெண்டு பேர் உருட்டி ஏத்திருவாங்க. எப்படியும் எடைக்குத்தானே போகுது."

அந்த மருது செங்கல் சூளைக்குப் போனது. மேற்குச் சுவரோரம் உருட்ட அதில் ஒரு துண்டும் தேறவில்லை. இரண்டடி நீளத்தில் எந்த ஆசாரி வந்து என்ன செய்துவிட முடியும்?

என் மனத்தாங்கல் இதுதான். மரம் சாய்வது ஒரு இழப்பு. சாய்ந்த இடத்திலேயே அதைத் துண்டு போடுவது இன்னொரு இழப்பு. இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் இழப்புக்காவது ஊரில் நாலு பேர் மறியல் செய்கிறார்கள், நீதிமன்றம் போகிறார்கள். பிறகு ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்று நிபந்தனை வருகிறது. கன்றுக்குக் கணக்கு உண்டு. வெட்டிய கட்டை எங்கே போனது என்ற கணக்கு ஏலத் தொகையோடு முடிந்துவிடுகிறது.

எங்கள் மலையில் மரம் வெட்டுவது நின்று வெகு காலம் ஆயிற்று. 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமானது. அது காப்பாற்றப்பட்டதால்தான் ஆற்றில் இன்னும் தண்ணீர் வருகிறது. மலை மரம் வருவது நின்றபின் கைக்கு எட்டியது சாலையோர மரமும் பட்டா நில மரமும்தான். இன்னொரு பக்கம், வீடு கட்டுகிறவர்கள் நிலைக்கும் கதவுக்கும் வெளிநாட்டு மரத்தைத் தேடிப் போகிறார்கள். 2014 ஏப்ரலில் பர்மா உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்தியபிறகு ஆப்பிரிக்கத் தேக்கும் தென் அமெரிக்கத் தேக்கும் கப்பலில் வந்து இறங்குகின்றன. கடல் தாண்டி வந்த மரம் எங்கள் தெருவில் கதவாகிறது. எங்கள் தெருமுனையில் எழுபது வருடம் நின்ற மரம் சூளையில் சாம்பலாகிறது. இதில் என்ன கணக்கு இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. தேக்குக்கும் சந்தனத்துக்கும் வனத்துறைக் கிடங்கு உண்டு. அங்கே நீளம், சுற்றளவு, தரம் எல்லாம் பார்த்துத்தான் ஏலம். சாலையோர வாகைக்கும் மருதுக்கும் வேம்புக்கும் அந்த மரியாதை இல்லை.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். அந்த மரம் காற்றிலிருந்து பல பத்தாண்டுகளாக உறிஞ்சிச் சேர்த்தது. கதவாகவோ பெஞ்சாகவோ நின்றால் அந்தக் கரிமம் இன்னும் ஒரு தலைமுறை அங்கேயே இருக்கும். சூளையில் போட்டால் ஒரே ராத்திரியில் காற்றுக்குத் திரும்பிவிடும். பத்துக் கன்றும் பிழைத்து, வளர்ந்து, அதைத் திரும்பப் பிடிக்க எத்தனை வருடம் ஆகும்?

பழைய குடும்பங்களுக்கு இது பாடம் சொல்லாமலே தெரிந்திருந்தது. எங்கள் தாத்தா வண்டியின் ஏர்க்கால் ஒடிந்தபோது அதை அறுத்துத் தொட்டில் கம்பாக்கினார்கள். நானும் தம்பியும் அதில் தொங்கிய தொட்டிலில் வளர்ந்தோம். பிறகு அது பரணில் பாத்திரம் அடுக்கத் தாங்குகட்டை ஆயிற்று. ஒரு நுனி உளுத்தபின்தான் நெல் அவிக்கிற அண்டாவுக்குக் கீழே போனது. அப்போதும் முடியவில்லை. தணல் மேல் தண்ணீர் தெளித்து எடுத்த கரி இஸ்திரிக்காரர் வீட்டுக்கு. சாம்பல் பாதி வெண்கலப் பாத்திரத்துக்கு, பாதி வாழைத்தூருக்கு. ஒரு கருவேலங்கட்டை இத்தனை வேலை பார்த்தது. எரிவது அதன் கடைசி வேலையாக இருந்தது. இன்றைக்கு அதையே நாம் முதல் வேலையாக வைத்திருக்கிறோம்.

மரம் வெட்ட அனுமதி கொடுக்க மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு இருக்கிறது. வெட்டலாமா கூடாதா என்று முடிவு செய்யும் அதே குழு, வெட்டத்தான் வேண்டும் என்று ஆனபின் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: இந்த மரம் எதற்கு ஆகும்? குழுவோடு ஓர் ஆசாரி போகட்டும். சுற்றளவை அளந்து எண் போடுகிற அன்றே இனத்தையும், அடிமரம் எத்தனை அடி நேராகப் போகிறது, பொந்து இருக்கிறதா என்பதையும் எழுதட்டும். மரத்துக்கு ஆகிற பகுதியை நீளம் குறையாமல் அறுக்க வேண்டும் என்பது ஏல நிபந்தனையாகட்டும். கிரேன் செலவைச் சாலைத் திட்டத்திலேயே சேர்த்துவிடலாம். கோடிக்கணக்கில் செலவாகும் சாலையில் அது ஒரு தொகையே இல்லை. தாலுகாவுக்கு ஒரு திடல் போதும், கட்டைகளைப் போட்டு வைத்து ஆசாரிகளுக்கும் கடைசல்காரர்களுக்கும் சில்லறையாக விற்க. முதல் உரிமை அந்தந்த ஊர் அரசுப் பள்ளிக்கு இருக்கட்டும். முப்பத்திரண்டு வருடம் நான் பாடம் நடத்தினேன். ஆடுகிற பெஞ்சில் எழுதி எழுதிக் கையெழுத்து கெட்டுப்போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மரத்துக்கு நல்ல விலை வந்துவிட்டால் அதற்காகவே வெட்டத் தொடங்கிவிடுவார்கள் என்று ஒரு சுற்றுச்சூழல் நண்பர் என்னிடம் சொன்னார். நியாயமான பயம். அதனால்தான் வெட்டும் முடிவு முதலில் வர வேண்டும், அதன் காரணம் ஊருக்குச் சொல்லப்பட வேண்டும், கட்டையின் மதிப்பு அதற்கு அப்புறம்தான் பேசப்பட வேண்டும் என்கிறேன். விற்ற பணம் அதே சாலையில் கன்று வளர்ப்பதற்குப் போகட்டும். தவிர, விலை இல்லாததால் எந்த மரமும் இதுவரை தப்பித்ததாக நான் பார்க்கவில்லை. விறகு விலைக்கே வெட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் சூளைக்கும் பிரியாணி அண்டாவுக்கும் எதை எரிப்பது? சவுக்கு இருக்கிறது. நாலைந்து வருடத்தில் வெட்டுக்கு வரும், பச்சையாகவே எரியும். சீமைக்கருவேல் இருக்கிறது. 1877-ல் விதையாக வந்து இறங்கிய அந்த முள், இன்று கண்மாய்களையும் தரிசுகளையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. கரிமூட்டம் போடவும் எரிக்கவும் அதைவிட வேறென்ன வேண்டும்? அதை வெட்டி எரியுங்கள். வேரோடு எரியுங்கள். எழுபது வருட மருதை விட்டுவிடுங்கள்.

போன வாரம் இன்னொரு சாலையில் மரங்களுக்கு எண் போட்டிருந்தார்கள். நடைப்பயிற்சிக்குப் போனவள் நின்றுவிட்டேன். மறுநாள் காலையில் எங்கள் தெரு ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அப்பாவிடம் கட்டை வாங்கிய கலப்பை ஆசாரியின் மகன். இப்போது பிளைவுட் வேலைதான் செய்கிறார். 47 என்று வெள்ளை பெயிண்டில் எழுதிய ஒரு மரத்தின் முன் நின்றார். இரண்டு கையையும் விரித்துக் கட்டிப் பிடித்துப் பார்த்தார், எட்டவில்லை. முஷ்டியால் இரண்டு இடத்தில் தட்டினார். அண்ணாந்து கவை பிரியும் இடம் வரைக்கும் கண்ணாலேயே அளந்தார்.

"வாகை டீச்சர். பதினோரு அடி நேராப் போகுது, ஒரு கணு இல்ல. உள்ள நல்ல வைரம் இருக்கும். செக்குக்குக் குடுக்கலாம், இல்லைன்னா பத்துப் பதினஞ்சு பெஞ்சு எடுக்கலாம்" என்றார். பையிலிருந்து பென்சிலை எடுத்து அவர் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டேன். நாற்பத்தெட்டு, வேம்பு. நாற்பத்தொன்பது, புளி, அடியில் பொந்து. ஐம்பது, மறுபடி வாகை.

ஏலம் அடுத்த மாதம் என்கிறார்கள். பட்டியலை இரண்டு படி எடுத்து வைத்திருக்கிறேன்.