ஜிகினா யாருடையது?

‘இளமை இதோ இதோ’ பாட்டோடு தமிழ் ஜனரஞ்சக இசை கெட்டுப்போயிற்று என்பது நம் வட்டத்தின் பழைய புலம்பல். 1982இல் ‘சகலகலா வல்லவன்’ படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. இன்றும் அது ஒலிக்காமல் தமிழ்நாட்டில் ஆங்கிலப் புத்தாண்டு பிறப்பதில்லை. குற்றச்சாட்டு ஒன்றுதான்: மினுமினுப்பு. மேற்கிலிருந்து இரவல் வாங்கிய ஜிகினா.

இரவலா? 1971இல் மார்க் போலன் கண்ணுக்குக் கீழே மினுக்குப்பொடி பூசிக்கொண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ‘ஹாட் லவ்’ பாடியதை கிளாம் ராக்கின் பிறப்பு என்கிறார்கள். ஆண் முகத்தில் அரிதாரமா என்று அங்கே அதிசயப்பட்டார்கள். கோவில்பட்டிக்காரன் அதிசயப்பட இதில் என்ன இருக்கிறது? 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி இந்தத் தூத்துக்குடிச் சீமையில்தான் இருக்கிறது. அவருடைய பாலர் சபையில் ஸ்திரீபார்ட் கட்டியவர்கள் பையன்கள். கரிசல் காட்டு அம்மன் கொடையில் கரகாட்டக்காரி உடுத்துவது ஜிகினா. ராஜா ராணி ஆட்டத்தில் ராஜா உடுத்துவதும் அதுதான். இதை ஆபாசம் என்று முகம் சுளிக்கிற ரசனைக்குள் ஜாதி ஒளிந்துகொண்டிருக்கிறது. பாட்டைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு ஆடுகிறவர்களைத் திட்டுகிறோம்.

அப்படியானால் இழப்பே இல்லையா? உண்டு. ஆனால் அது வேறிடத்தில் நேர்ந்தது.

கோவில்பட்டியில் காருகுறிச்சி அருணாசலத்துக்குச் சிலை இருக்கிறது. 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த ‘சிங்கார வேலனே தேவா’வும் சினிமாத் தட்டுத்தான், அதுவும் ஒலிபெருக்கி ஏறி ஊர் ஊராய்ப் போனதுதான். ஆனால் அந்தத் தட்டு வித்வானின் மூச்சைச் சுமந்துகொண்டு போயிற்று. வாசிக்கிறவர் யாரென்று கேட்டவனுக்குத் தெரிந்தது. இருபது வருஷம் கழித்து வந்த பாட்டு வித்வானிடமே திரும்பி வந்து, ‘என்னை அப்படியே வாசி’ என்றது. நையாண்டி மேளக்காரரின் சட்டையில் பத்து ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு, அந்த மெட்டைக் கேட்கிறான் ஒருவன். அவர் வாசிக்கிறார். தவிலும் பம்பையும் பின்னால் ஓடுகின்றன. விடிய விடிய விஸ்தாரம் பண்ணத் தெரிந்தவர் நாலு நிமிஷத்தின் நிழலாகிறார். அடுத்த கொடைக்கு மேளம் எதற்கு, ஒலிநாடாவே போதுமே என்று வரிக்கணக்குப் பார்க்கிறவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. நகலுக்குக் கூலி கொடுக்க யார் சம்மதிப்பார்கள்?

இதில் பாட்டின் குற்றம் என்ன? நோட்டைக் குத்தியவன் நம் ஊர்க்காரன். வாய் பேசாதிருந்தவர்கள் நாம். அயல்நாட்டுக் கவிதைக்கு இதழ் இதழாய் இடம் கொடுத்த நம்மில் எத்தனை பேர் நையாண்டி மேளத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினோம்? கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் தந்த இடைசெவல் பக்கத்தில்தான் இருக்கிறது. இருவரும் சங்கீதம் அறிந்தவர்கள். அவர்களுடைய காது நமக்கு வாய்க்கவில்லை. குறைந்தபட்சம் வெட்கமாவது வாய்த்திருக்கலாம்.

ஜிகினா நம்முடையது. மேளக்காரர் தன் இஷ்டத்துக்கு வாசிக்கும் இரவு ஒன்று இருந்தது, அதுவும் நம்முடையதுதான். அதைக் கைவிட்டது யார் என்று எழுதாமல் பாட்டைத் திட்டுவதற்கு விமர்சனம் என்று பெயர் வைக்கவேண்டாம்.