கணிப்பொறி வாங்குமுன் ஒரு கேள்வி

 

"என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். அனிமேஷன் கலை பயில விரும்புகிறான். அதற்குக் கணிப்பொறி வாங்க ஒன்றரை இலட்சம் ஆகும் என்கிறான். என் வளையல்களை விற்பதா, மாதத் தவணையில் வாங்குவதா?" என்று ஒரு தாய் கேட்டுள்ளார். பல இல்லங்களில் இன்று எழும் கேள்விதான் இது.

சகோதரியே! இரண்டில் எதையும் செய்யுமுன் மகனை அழைத்து, "எந்த மென்பொருளில் பயிலப் போகிறாய்?" என்று கேளுங்கள். நம்மவரில் பலர் முதலில் இயந்திரத்தை வாங்கிவிட்டு, அதில் என்ன இயங்கும் என்று பிறகு தேடுகின்றனர். முறை அதுவன்று. முதலில் மென்பொருள், அடுத்து அது இயங்கும் தளம், கடைசியில்தான் இயந்திரம்.

ஏனெனில், த்ரீடிஎஸ் மேக்ஸ் விண்டோஸில் மட்டுமே இயங்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் விண்டோஸிலும் மேக்கிலும் இயங்கும், லினக்ஸில் இயங்காது. மாயா, பிளெண்டர் ஆகியவை இம்மூன்றிலும் இயங்குகின்றன. இவற்றுள் பிளெண்டர் முற்றிலும் இலவசம். 2002-இல் பலர் நன்கொடையாக அளித்த ஒரு இலட்சம் யூரோவால் அது அனைவர்க்கும் உரிய பொதுச் சொத்தாயிற்று. இலவசம்தானே என்று எளிதாக எண்ணிவிட வேண்டாம். 2025-இல் ஆஸ்கார் விருது பெற்ற 'ஃபுளோ' எனும் லாத்விய நாட்டு அனிமேஷன் திரைப்படம் பிளெண்டரில் உருவானதே.

இனி இயந்திரத்திற்கு வருவோம். திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்திற்கு 1,440. ஒரு படத்தை உருவாக்க இயந்திரம் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டால், ஒரு நிமிடக் காட்சிக்கு முழுதாக ஒரு நாள் தேவை! இந்தச் சுமையைப் பெரிதும் குறைப்பது கிராபிக்ஸ் கார்டு. ஆகவே, பணத்தைப் பளபளப்பான பெட்டியில் போடாமல் அதில் போடுங்கள். நினைவகம் தொடக்கத்திற்கு 16 ஜி.பி. போதும்; பின்னர் 32 ஆக உயர்த்த இடமிருக்கிறதா எனப் பாருங்கள். இன்றைய மேக் மடிக்கணினிகளில் வாங்கியபின் நினைவகத்தைக் கூட்ட இயலாது. அதே விலைக்கு மடிக்கணினியைவிட மேசைக் கணிப்பொறி கூடுதல் ஆற்றல் தரும். பழுதும் எளிதில் நீங்கும்.

பழைய இயந்திரம் வாங்குவோர் அது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

இன்னுமொன்று. "எல்லா மென்பொருளும் இலவசமாகப் போட்டுத் தருகிறோம்" என்று கடைக்காரர் சொன்னால் மயங்காதீர்கள். அவை பெரும்பாலும் களவு நகல்கள். நாளை ஹலாலான வருவாய் ஈட்ட வேண்டிய பிள்ளை, தொழிலின் முதல் பாடத்தையே பிறர் உழைப்பைத் திருடிப் படிக்கலாமா? நேர்வழியில் இலவசமாகக் கிடைக்கும்போது களவு எதற்கு?

ஆகவே, சகோதரியே, வளையல்கள் இப்போதைக்குக் கையிலேயே இருக்கட்டும். வட்டியுடன் கூடிய தவணைப் பக்கமும் போக வேண்டாம். வீட்டிலோ உறவினரிடமோ உள்ள கணிப்பொறியில் பிளெண்டரை நிறுவி, மூன்று மாதம் பழகச் சொல்லுங்கள். புதிய பதிப்பு ஓடாவிட்டால் பழைய பதிப்புகளும் இலவசமாகவே உள்ளன. ஒரு பந்து துள்ளுவதையும் ஒரு மனிதன் நடப்பதையும் அவன் செய்து காட்டட்டும். ஆர்வம் நிலைத்தால், தனக்கு எது தேவை என்பதை அவனே தெளிவாகச் சொல்வான். ஒன்றரை இலட்சம் தேவைப்படாமலும் போகலாம். அப்போது சேமிப்பிலிருந்து வாங்குங்கள். அது போதாவிடில், ஒரு வளையலை விற்பதில் தவறில்லை. அது பிள்ளையின் கல்விக்கான செலவு. வீணாகாது, இன்ஷா அல்லாஹ்.