அந்தப் பத்து மாதத்துக்கு யார் பொறுப்பு?

நீட் எழுதப்போகும் பிள்ளைக்கு என்ன உதவி செய்யலாம் என்று கேட்டால் நல்ல கோச்சிங், பழைய வினாத்தாள்கள், வாரம் ஒரு மாதிரித் தேர்வு, வீட்டில் அமைதி என்று பதில் வருகிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இவற்றைவிட எட்டாத பொருள் ஒன்று இருக்கிறது: பிளஸ் டூ முடித்தபின் மறுபடியும் படித்து எழுத ஓர் ஆண்டு. நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை அந்த ஆண்டின் மதிப்பைக் காட்டியது. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 2016-17இல் சுமார் 12 சதவீதம். 2020-21இல் சுமார் 71 சதவீதம். மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு என்றிருக்கும் தேர்வுக்குப் பழக்கம் வேண்டும். பழக்கத்துக்குக் காலம் வேண்டும். வசதியுள்ள வீடு அந்தக் காலத்தை விலை கொடுத்து வாங்கிவிடுகிறது. நெசவாளர் வீட்டால் முடிவதில்லை.

ஏன் முடிவதில்லை என்பது தறியைப் பார்த்தால் தெரியும். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைப் புடவைக்கு நெய்பவரோடு இன்னொரு கை வேண்டும். கூலி புடவைக்கு இவ்வளவு என்றுதான். கூடமாட ஆள் இல்லையென்றால் புடவை இறங்க நாளாகும், கூலியும் தள்ளிப்போகும். முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியில் அமர்த்தப்பட்டதை 2003இல்கூட மனித உரிமைக் கண்காணிப்பகம் இதே ஊரில் பதிவுசெய்தது. பள்ளிக்கல்வி பரவியது அந்த நிலையை வெகுவாக மாற்றியது. ஆனால் பதினெட்டு வயதில், பள்ளியும் இல்லாமல் கல்லூரியும் இல்லாமல், புத்தகத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எந்தச் சட்டமும் தறியிலிருந்து விலக்கி வைக்காது. பெற்றோருக்கு மனமில்லை என்று சொல்வது அநியாயம். கடன் தவணை வரும் நாளில் அந்த இரண்டு கைகளை எப்படிச் சும்மா விட முடியும்? இந்த ஊரில் நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணாவே, வீட்டு வருமானத்துக்காகப் படிப்பை நிறுத்தி, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்துவிட்டுத்தான் பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார்.

தமிழக அரசு சும்மா இருக்கவில்லை. 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அதுவரை விரல்விட்டு எண்ணும்படி மருத்துவம் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களை ஒரே ஆண்டில் நூற்றுக்கணக்கில் உள்ளே கொண்டுவந்தது. மறுமுறை எழுதுவோருக்கும் அந்த ஒதுக்கீடு உண்டு. ஆனால் உதவித்தொகை அவர்களுக்கு இல்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் உயர்கல்வியில் சேர்ந்தவர்களுக்குத்தான். பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே நிற்கிற பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இந்த இடைவெளியை அடைக்கும் வழியையும் அரசே காட்டியிருக்கிறது. ‘நான் முதல்வன்’ திட்டத்தில், ஒரு தேர்வு வைத்து, குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் பத்து மாதம் தருகிறார்கள். ஆண்டுக்கு ஏழரைக் கோடி. பட்டதாரிக்குத் தருவது நியாயம் என்றால், பிளஸ் டூ முடித்த நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்கும் பையனுக்கும் தருவது அதைவிட நியாயம். ஜூலையில் தொடங்கினால் ஏப்ரலோடு பத்து மாதம். மே மாதம் நீட்.

நீட்டை எதிர்க்கும் அரசு அதற்குப் படிக்கப் பணம் கொடுக்கலாமா என்பார்கள். விலக்கு கேட்டுச் சட்டமன்றம் 2021இலும் 2022இலும் மசோதா நிறைவேற்றியது; குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அவையில் அறிவித்தார். அந்த எதிர்ப்பு சரியானது, தொடர வேண்டும். ஆனால் அந்தப் போராட்டம் முடியும்வரை இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்த பிள்ளையின் வயது காத்திருக்காது. பணம் கோச்சிங் மையங்களுக்குத்தானே போய்ச் சேரும் என்பது இன்னொரு கவலை. வகுப்பையும் மாதிரித் தேர்வையும் அரசுப் பள்ளி வளாகத்திலேயே நடத்தி, தொகையை மாணவர் வங்கிக் கணக்கில் போட்டால் அது வீட்டுச் செலவுக்கும் பேருந்துக்கும் போகும்; போக வேண்டியதும் அங்கேதான். இவற்றைவிடக் கனமான மறுப்பு மனஅழுத்தம் பற்றியது. தோற்ற தேர்வையே இன்னோர் ஆண்டு சுமக்கச் சொல்வது சில பிள்ளைகளை உடைத்துவிடும். இந்த அச்சத்தை நான் ஒதுக்க மாட்டேன். அதனால்தான் உதவி எல்லோருக்கும் வேண்டாம், முதல் முறை நெருங்கி வந்தவர்களுக்கு மட்டும், ஒரே ஒரு முறை என்கிறேன். மற்றவர்களுக்கு நுழைவுத் தேர்வே இல்லாத பொறியியல், வேளாண் படிப்புகளிலும் 7.5 சதவீத இடம் உண்டு என்பதைப் பள்ளியே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். அப்பாவின் தறியைப் பார்த்துக் குற்ற உணர்வோடு படிக்கும் பிள்ளையின் அழுத்தத்தில் ஒரு பங்காவது இந்தத் தொகையால் இறங்கும்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காஞ்சிபுரத்தின் பழைய பள்ளிகளில் சில அரசு உதவி பெறுபவை. அவற்றில் படிக்கும் நெசவாளர் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. உதவித்தொகையிலாவது அவர்களைச் சேர்க்க வேண்டும். அறிவிப்பும் நீட் முடிவு வருவதற்கு முன்பே வர வேண்டும். ஜூனில் முடிவு வந்தால், பிள்ளை தறியில் உட்காருவதா புத்தகத்தோடு உட்காருவதா என்பதை அடுத்த சில நாட்களிலேயே வீடு முடிவு செய்துவிடுகிறது.